சுவைஞரும் அடியாரும்

(தஞ்சையில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



கலையும் அவையும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கலை என்றவுடன் ஆடினோர், பாடினோர், இசைத்தோர் பெயர்களை அடுக்குவதே மேடை வழக்கம். அவர்கள் எதிரே அமர்ந்திருந்தவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆடினவர்க்கு வரலாறு உண்டு, பார்த்தவர்க்கு இல்லை. இச்சோழ வளநாட்டின் கலை வரலாற்றை இன்று ஒருநாள் மேடையிலிருந்து பாராமல் தரையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'இரசிகர்' என்பது வடசொல். அதற்குச் 'சுவைஞர்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் உண்டென்பதை உங்கட்கு நான் புதிதாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், நம் இதழ்களில் 'விசிறி' என்று ஒரு சொல் நெடுங்காலமாக உலவி வந்தது. இன்ன நடிகரின் விசிறி, இன்ன பாடகரின் விசிறி என்றெல்லாம் எழுதினர். காற்று வீசும் கருவிக்கும், கலைஞர்பால் பித்துக் கொண்டவர்க்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடைய சொல் வழங்குவதால், ஒன்றை மற்றொன்றாக மயங்கிப் பெயர்த்த கோலம் அது. உண்மையில் அவை வெவ்வேறு வேருடையன. பித்தரைக் குறிப்பது, கோயிலைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லினின்று கிளைத்தது. கோயிலில் ஆவேறி ஆடுவோன் என்பது அதன் அடிப்பொருள். விசிறியைக் குறிப்பதோ, கூலத்தையும் பதரையும் பிரிக்கும் முறத்துக்கு இலத்தீனர் இட்ட பெயரின் வழிவந்தது.

பெயர்த்தவர் பிழைத்தார். ஆயினும், களத்துமேட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அப்பிழை ஒரு நல்ல வினாவை எழுப்பித் தருகின்றது. கலைஞர்முன் அமர்ந்திருப்பவன் முறம் பிடித்தவனா? ஆவேறியவனா? மணியையும் கருக்காயையும் பிரித்தறிபவனா? கண்ணை மூடிக் கும்பிடுபவனா? முன்னவனைச் சுவைஞன் என்கின்றேன். பின்னவனை அடியான் என்கின்றேன். இறைவனுக்கு அடியாராவது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அதைப்பற்றி இங்குப் பேச்சில்லை. பாட்டுக்கும் கூத்துக்கும் தமிழன் எப்போது அடியான் ஆனான், யாரால் ஆக்கப்பட்டான் என்பதே என் பேச்சு.

காவிரி கடலொடு கலக்கும் புகாரில் மாதவி அரங்கேறிய செய்தியைச் சிலம்பு கூறுகின்றது. அரங்கு ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு சொன்ன இளங்கோவடிகள், அத்துடன் விட்டாரில்லை. தூண்களின் நிழல் ஆடிடத்தில் விழாமல் புறத்தே விழும்படி விளக்குகள் நிறுத்தப்பட்டன என்றும் சொல்கின்றார். அந்த ஏற்பாடு யாருக்காக? காண்பவன் கண்ணுக்காக! தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைவரைந்த இளம்பூரணரும், ஆடுவோனிடத்துத் தோன்றிய சுவை காண்போனைச் சென்றெய்துவதைப் பற்றி ஆராய்கின்றார். காண்போனை விலக்கிய கலையை நம் முன்னோர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இனி, பெரியகோயிலுக்கு வருவோம். 1010-இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கல்வெட்டுகள், இராசராசன் தன் நாட்டின் பல தளிகளினின்றும் கொணர்ந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரைப் பேர்பேராகச் சொல்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு என்றும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்றும் பொறித்துள்ளன. திருப்பதியம் பாடிய 48 பேரின் பெயரும் உண்டு. இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடுதற்காக ஒரு கூத்தனுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் வகுத்ததைக் கூறுகின்றது. கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கின்றது. பெற்றவன் பெயர் இருக்கின்றது. அளந்த மரக்காலின் பெயர்கூட இருக்கின்றது. பார்த்தவன் பெயர் மட்டும் இல்லை. அந்தக் கலங்களை விளைவித்தவனும் அவனே!

வைகாசி என்பதைக் கருதுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்து, வயல் வெடித்துக் கிடக்கும் காலத்திலேதான் நம் ஊர்களில் தேரும் தெப்பமும் கூத்தும் வரும். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் உழவன் கை ஓய்ந்திருக்கும் திங்கள்கள். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் சூன் 12-ஐ நோக்கிக் காத்திருக்கும் வழக்கம் வந்தது. அதற்கு முன்பும் ஆற்றில் புதுப்புனல் வரும்வரை அவனுக்குக் கூத்துப் பார்க்கப் பொழுது இருந்தது. நாடகக் குழுவினர் தஞ்சை மாவட்டத்தைத் தேடித் தேடி வந்ததற்குக் கரணியம் இதுதான். இங்கே நெல்லும் இருந்தது, ஓய்வும் இருந்தது, ஒருவன் தவறிப் பாடினால் முகஞ்சுளிக்கும் காதும் இருந்தது.

அக்காதுக்குத்தான் முதல் அடி விழுந்தது. சோழர்க்குப் பின் நாயக்கர், நாயக்கர்க்குப் பின் மராட்டியர் என்று மூன்று நூற்றாண்டுகட்கு மேல் தஞ்சை அரண்மனையில் பிறமொழி அரசர் வீற்றிருந்தனர். அரங்கின் மொழி தெலுங்காயிற்று. மெலட்டூரில் இன்றும் நடைபெறும் பாகவத மேளம் தெலுங்கில்தான் நடைபெறுகின்றது. திருவாரூரிற் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) பெரும்பாலும் தெலுங்கிலேயே பாடினார். அது அவர் தாய்மொழி. தம் தாய்மொழியில் பாடிய ஒருவரை நாம் எங்ஙனம் பழிப்பது? தெலுங்கின்மேல் எனக்குப் பகையில்லை. நான் கேட்பது கேட்டவனைப் பற்றி. பண் புரிந்தது, தாளம் புரிந்தது, சொல் புரியவில்லை. சொல் புரியாதவன் பாடினவனைப் பாதிதான் அளக்க முடியும். மற்றைப் பாதிக்கு அவன் தலையை ஆட்டியே ஆகவேண்டும். அளக்க இயலாத இடத்தில் வணங்கப் பழகினான். சுவைஞன் அடியானாகத் தொடங்கியது இங்கே என்பது என் கருத்து.

முற்றும் அப்படியே ஆகிவிடாமற் காத்தவர்கள் உண்டு. சீர்காழி முத்துத்தாண்டவர், சீர்காழி அருணாசலக் கவிராயர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் தமிழில் பாடினர். அவர்கட்குப் பின் வந்த கோபாலகிருட்டிண பாரதியார் செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினார். சேக்கிழார் நூலில் இல்லாத நிலக்கிழாராகிய ஒரு வேதியரை அதற்குள் புகுத்தினார். தில்லைக்குப் போக விடை கேட்கும் பண்ணையாளையும், விடை மறுக்கும் பண்ணையாரையும் எதிரெதிரே நிறுத்தினார். இந்த நாட்டின் வயலில் நாள்தோறும் நடந்ததை அப்படியே அரங்கேற்றிவிட்டார். மக்கள் மொய்த்துக் கொண்டனர். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் சீசே என்பவர் கேட்டு மகிழ்ந்து, அதை அச்சேற்றத் துணைநின்றார். 1860-களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது.

அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தன. பிள்ளையவர்களோ இலக்கணத்தில் இம்மியும் விட்டுக்கொடாதவர். தட்டிக் கழித்தார். பாரதியார் மீண்டும் மீண்டும் வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் துயில் கலைந்து எழும்வரை திண்ணையில் அமர்ந்து தம் பாட்டுகளைத் தாமே உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட புலவரின் உள்ளம் கரைந்தது, பாயிரம் கிடைத்தது. பிள்ளையவர்களின் மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் இதை எழுதிவைத்துள்ளார். அப்பாட்டுகளில் வடசொற்கள் மலிந்துள்ளன என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கின்றது. மலிந்துதான் உள்ளன. ஆயினும், முதலில் மறுத்து, பின்பு கேட்டு, கேட்டபின் ஏற்றுக்கொண்டார் பாருங்கள், அந்தப் புலவர்தாம் நான் சொல்லும் சுவைஞர். மறுக்கத் தெரிந்தவர் தந்த பாராட்டு அது.

இனி, நாயனத்துக்கு வருகின்றேன். தஞ்சை மண்ணின் சுவைஞன் உருவானது மண்டபத்தில் அன்று, தெருவில். சாமி புறப்பாட்டில் மல்லாரி எழும். தேரோடும் வீதியில், நாற்சந்தியில், ஊர்வலம் நிற்கும். நாயனக்காரர் ஒரு பண்ணை எடுத்து ஆளத்தி செய்யத் தொடங்குவார். கேட்பவன் நின்றுகொண்டே கேட்பான், நடந்துகொண்டே கேட்பான். அவன் சீட்டு வாங்கி வந்தவனல்லன். பிடிக்கவில்லையேல் வீட்டுக்குப் போய்விடலாம். அவன் போகாமல் விடியுமட்டும் நின்றானென்றால், அதைவிடப் பெரிய பரிசு ஒரு கலைஞனுக்கு வேறில்லை.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இத்தகைய அவையால் வளர்ந்தவர். இத்தகைய அவையை வளர்த்தவர். அவருடைய தோடிக்காக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பின்தொடர்ந்தவர்கள் இருந்தனர். அக்காலத்து நாயனம் திமிரி எனப்படும்; குட்டையானது, ஒலி கூர்மையானது, திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்பது. அமர்ந்து ஊன்றிக் கேட்பவர் காதுக்கு ஒலி தணிந்திருக்க வேண்டுமென்று அவர் கருதினார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் அரங்கநாத ஆசாரியார் நீண்ட பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். அவ்வூர் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். கேட்பவன் காதுக்காக ஒரு கருவியே நீண்டது! இதைக் காட்டிலும் சுவைஞனுக்கு என்ன பெருமை வேண்டும்?

ஆனால், அந்த அவையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இசையில் மயங்கியவர்களே இசைத்தவனைச் சமமாக எண்ணினாரில்லை. மேலாடை தோளில் கிடக்கக்கூடாது, இடுப்பில் கட்டவேண்டும், தரையில் நிற்கவேண்டும் என்றனர். 1930 அளவில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரைச் சிவக்கொழுந்து நாயனம் இசைத்து வந்தார். வியர்வை துடைக்கத் தோளில் துண்டு கிடந்தது. அதை எடுக்கச் சொல்லிச் சாதிச் செருக்கர் சிலர் தடுத்தனர். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதீர் என்று முன்னின்று காத்தார். நம் தஞ்சை மாவட்டத்து அழகிரி அன்று செய்தது, சுவைஞன் கலைஞனுக்குச் செய்யவேண்டிய முதற்கடமை. இராசரத்தினமும் தமக்கு மேடை வேண்டுமென்று வலியுறுத்திப் பெற்றவரே.

அன்றியும், தேரோடும் வீதி எல்லார்க்கும் வீதியாய் இருந்ததில்லை. நாற்று நட்டு நெல்லறுத்த சேரித் தமிழன் அந்த ஆளத்தியை எங்கிருந்து கேட்டான்? வாய்க்காலுக்கு அப்பாலிருந்து கேட்டான். சென்னை மாநிலமெங்கும் கோயில் நுழைவை உறுதிசெய்த சட்டம் 1947-இல்தான் வந்தது. நந்தனைப் பற்றிய பாட்டை நந்தன் மக்கள் தொலைவில் நின்று கேட்ட நாடு இது.

திருவையாற்றுக்கு வருவோம். தியாகராசர் நினைவு விழாவைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரு பிரிவார் தனித்தனியே நடத்தினர். அடக்கவிடத்தில் கோயில் எழுப்பப் பொருள் கொடுத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆயினும் பெண்கட்கு அங்குப் பாட இடமில்லை. 1927-இல் அவர் பெண்கள் கட்சி என்றொன்றைத் தொடங்கி நடத்தினார். 1940-ஐ ஒட்டியே எல்லாம் ஒன்றாயின. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலை அரசர் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 'இசைக்கு மொழி ஏது?' என்றனர் மறுத்தோர். மொழி இல்லையாயின், தமிழில் பாடினால் மட்டும் ஏன் நெஞ்சு எரிகின்றது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. 1946-இல் திருவையாற்று விழாவில் ம.ம.தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார். இடமே தீட்டுப்பட்டது என்னும் பேச்சு எழுந்ததென்று 'குடியரசு' இதழ் கடிந்தெழுதியது; எழுதியவர் அந்நாளில் அங்குப் பணியாற்றிய இளைஞர் மு.கருணாநிதி. பாட்டு விளங்கிவிட்டால் கேட்பவன் கேள்வி கேட்பான் என்னும் அச்சம் அத்தீட்டுக்குள் இருந்தது என்றே நான் எண்ணுகின்றேன்.

அந்நாளிலேயே மற்றொரு கொட்டகை திறந்தாயிற்று. திரைப்படத்தை நம் இயக்கத்தவர் பலர் இழிவாகவே பேசி வந்துள்ளனர். நான் அவ்வளவு விரைந்து பேசமாட்டேன். இலங்கைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981-இல் வெளியிட்ட தம் நூலில், தமிழர் எல்லாரும் ஒரு கூரையின்கீழ் ஒருங்கே அமர்ந்து கலையொன்றைக் கண்டது திரைப்படக் கொட்டகையில்தான் என்று காட்டியுள்ளார். அங்கே சீட்டின் விலைதான் இடத்தை வகுத்தது, பிறப்பு வகுக்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் நின்றவன் தரைச்சீட்டு வாங்கி முதல் வரிசையிலேயே அமர்ந்தான். அவனுக்குப் புரிந்த மொழியில் அவனுக்கு முன்னே பேசினர். அவன் சீழ்க்கையடித்தான் என்று முகஞ்சுளிப்போர், அதற்குமுன் அவனை எங்கே நிறுத்தியிருந்தோம் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

நாடகக் கொட்டகையில் ஒரு பாட்டு நன்றாக அமைந்தால் 'ஒன்சுமோர்' என்று கூவுவது வழக்கம். பாட்டை மீண்டும் கேட்கத் தமிழன் ஆங்கிலத்தை இரவல் வாங்கினான் என்பது நகைப்புக்குரியது. எனினும், பாதி நாடகத்தில் நிறுத்தி மீண்டும் பாடவைக்கும் ஆற்றல் அவனுக்கு இருந்தது. திரை வந்ததும் அது போயிற்று. திரையிலுள்ளவர் நம் கூவலைக் கேளார். விடை தராதவரைப் பார்த்துக் கூவுவது மெல்ல மெல்ல வழிபாடாயிற்று.

மாயூரத்திற் பிறந்த தியாகராச பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தலைமயிர் வெட்டைக்கூட ஊரார் பின்பற்றினர். 1944 தீபாவளிக்கு வந்த 'அரிதாசு' சென்னை பிராடுவே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கொலை வழக்கொன்றில் சிறை சென்றார். 1947-இல் குற்றமற்றவரென விடுதலையானார். குரல் இருந்தது, கூட்டம் திரும்பி வரவில்லை. அடுத்தடுத்த படங்கள் வீழ்ந்தன. 1959-இல் மறைந்தார். ஒருவரைத் தலையில் வைத்து ஆடும் கூட்டம் அவருடைய பாட்டுக்காக ஆடியதாயின், பாட்டு இருக்கும்வரை இருந்திருக்க வேண்டுமன்றோ?

ஐரோப்பாவிலும் இப்பித்து உண்டு. 1840-களில் இலிசுட்டு என்னும் இசைஞரின் கையுறைக்கும் கைத்துணிக்கும் பெர்லின் நகரத்தார் அடித்துக்கொண்டனர். ஐனே என்னும் செருமானியப் பாவலர் 1844-இல் அப்பித்துக்கு ஒரு பெயரே இட்டார்.

நடிகர் மன்றங்கள் பெருகியதும், ம.கோ.இராமச்சந்திரன் 1972-இல் கட்சி கண்டு 1977-இல் முதலமைச்சரானதும் நீங்கள் அறிந்தவை. இதைக்கொண்டு, தமிழன் திரைக்கும் வாழ்வுக்கும் வேறுபாடு அறியாதவன் என்று வடவரும் ஆங்கில இதழ்களும் எள்ளி நகையாடுவது வழக்கமாயிற்று. அவர்கட்கு நான் திருவையாற்றைக் காட்டுவேன். சூரக்கோட்டையில் நிலமும் வீடும் கொண்டு இம்மண்ணோடு நெருங்கியிருந்த சிவாசி கணேசன், 1988-இல் தனிக்கட்சி தொடங்கி, 1989 சனவரித் தேர்தலில் திருவையாற்றுத் தொகுதியில் நின்றார். இராசராச சோழனாகத் திரையில் நின்றவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் நாயனக்காரராகவே வாழ்ந்து காட்டியவர். அப்படத்தில் உண்மையில் நாயனம் ஊதியவர்கள் மதுரைச் சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறப்பினர். ஊதினவர் பெயரை எத்தனை பேர் அறிவர் என்பது வேறு கதை. அவருடைய நடிப்பை இத்தொகுதியில் விரும்பாதார் இல்லை. ஆயினும் தோற்றார். நடிப்பு வேறு, ஆட்சி வேறு என்று திருவையாற்று மக்கள் பிரித்துப் பார்த்தனர். முறம் இன்னும் அவர்கள் கையில் இருந்தது.

ஆனால் எப்போதும் இருப்பதில்லை. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணத்து மகாமகக் குளத்தில், முதலமைச்சர் நீராட வந்த வேளையில், நீராட வந்த கூட்டமும் அவரைக் காண முந்திய கூட்டமும் நெருக்குண்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், அரசியலுக்கு வந்த நடிகரொருவரைக் காணத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். எவர்மேல் குற்றம் என்று தீர்ப்பதற்கு நான் இங்கு வரவில்லை. பாட்டுக் கேட்க நின்றவன் விடியும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான். முகம் காண நின்றவர்கள் வீடு திரும்பவில்லை. அத்தாய்மாரை எண்ணுந்தோறும் பேச்சு எழவில்லை.

இன்று நம் பிள்ளைகள் செய்வதென்ன? பேருருவப் பதாகைக்குப் பாலூற்றுகின்றனர். படம் எத்தனை கோடி ஈட்டியது என்று பட முதலாளியைவிட மிகுதியாகக் கணக்கிடுகின்றனர். கதை நன்றா, தமிழ் நன்றா, பாட்டின் சொல் விளங்குகின்றதா என்று கேட்டால், கேட்டவனைப் பகைவன் என்கின்றனர். அவர்களை மட்டும் குறைசொல்லி என்ன? நம் மேடைகளிலேயே, பேசுபவர் என்ன சொன்னார் என்பதறியாமல், குரல் உயர்ந்த இடத்தில் கைதட்டும் வழக்கம் இல்லையா? இன்றுகூட இரண்டு இடங்களில் தட்டினீர்கள். ஓரிடத்தில் நான் ஆண்டு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்! (சிரிப்பு)

ஆகையால், ஒரு வேண்டுகோள். வருகின்ற சித்திரையிலும் வைகாசியிலும் உங்கள் ஊரில் விழா எடுப்பவர்கள் உங்களிற் பலர். ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு முழங்க, நாயனக்காரரை ஒரு மூலையில் நிறுத்தும் வழக்கத்தை இவ்வாண்டு ஓரிரவுக்கேனும் விடுங்கள். திருவையாற்றில் 1965 முதல் அரசு இசைக்கல்லூரி நடைபெறுகின்றது. அங்குப் பயின்ற இளைஞரை அழையுங்கள். நல்ல மேடை கொடுங்கள். தோளில் துண்டோடும், கால்மேல் கால் போட்டும் அவர் அமரட்டும். தேவாரப் பண்ணில் ஒரு மணிநேரம் ஆளத்தி கேளுங்கள். பின்பு முத்துத்தாண்டவர் பாட்டோ மாரிமுத்தாப் பிள்ளை பாட்டோ இசைக்கச் சொல்லி, அதன் சொற்களை ஒரு தாளில் அச்சிட்டுச் சேரி, ஊர் என்று பாராமல் எல்லார் கையிலும் கொடுங்கள். நன்றாயிருந்தால் மீண்டும் கேளுங்கள். நன்றாயில்லையேல், முடிந்தபின் அவரிடம் நேரிற் சென்று, எந்த இடத்தில் குறை என்று பணிவோடு சொல்லிவிட்டு வாருங்கள்.